அனுப்பினால்... அனுப்பியிருந்தால்...

மொத்தம் பன்னிரண்டே ஆங்கில வார்த்தைகள். அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளில் ஒரு கல்யாணப் புடவை ஆர்டர் கைவிட்டுப் போனது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. முன்னறை முழுக்கத் தறிதான். தறிக்குழியில் கால் தொங்கவிட்டுக் கணவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பார்டர் நாடாவோடு அவள். வயது 40. தார் சுற்றுவது, கோர்வைக்குக் கை கொடுப்பது, கணக்கு எழுதுவது, நடுவில் எழுந்து போய் உலை வைப்பது எல்லாம் அவள் வேலை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கும் மகள். திண்ணையில் மாமியார்.

பல வருடங்கள் கூலிக்கு நெய்த குடும்பம். பட்டும் ஜரிகையும் வேறொருவர் கொடுப்பார், புடவையை முடித்துக் கொடுத்தால் கூலி வரும். 2020 ஊரடங்கில் அந்த வேலை அப்படியே நின்றது. ஆறு மாதம் கழித்து, இருந்த இரண்டு வளையலை வைத்துச் சொந்தமாகப் பாவு வாங்கினார்கள். நெய்த புடவையை மகள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டாள். முதல் புடவை சேலத்துக்குப் போனது. இரண்டாவது சிங்கப்பூருக்கு. அதிலிருந்து வீட்டில் ஆங்கிலம் தேவைப்பட ஆரம்பித்தது.

மகள் காலையில் கல்லூரிக்குப் போய்விட்டால், வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவது அவள்தான். எட்டாம் வகுப்பு ஆங்கிலம் கொஞ்சம், போன் காட்டும் வார்த்தைகள் கொஞ்சம். ‘சாரி ரெடி’, ‘கலர் சேம் சேம்’, ‘டுமாரோ கொரியர்’ என்று வண்டி ஓடியது. யாருக்கும் புரியாமல் போனதில்லை.

போன ஐப்பசியில் டொரண்டோவிலிருந்து ஓர் அம்மா எழுதினார். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தமிழில் எழுத வராது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். கடுகு மஞ்சள் உடல், அரக்கு பார்டர், கோர்வைப் புடவை. போட்டோக்கள் போயின, விலை பேசி முடிந்தது. “எப்போது ஆரம்பிப்பீர்கள்?” என்று ஒரு மதியம் கேட்டிருந்தார்.

அவள் மனதில் இருந்தது மிகச் சாதாரணமான ஒரு வாக்கியம்: “நீங்க அட்வான்ஸ் அனுப்பினா, நாங்க புடவையை ஆரம்பிச்சிடுவோம்.” பெரிய ஆர்டர் என்பதால் கொஞ்சம் நல்ல ஆங்கிலமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். மகளின் பழைய கைடில் பார்த்த ஒரு வரி ஞாபகம் வந்தது. அதன் அச்சிலேயே எழுதினாள்.

“இஃப் யூ ஹேட் சென்ட் தி அட்வான்ஸ், வீ வுட் ஹேவ் ஸ்டார்ட்டட் த சாரி.”

ஹேட், வுட், ஹேவ் எல்லாம் வந்துவிட்டதில் அவளுக்கே ஒரு திருப்தி. பதில் வந்தது: “ஓ, ஓகே. சாரி. தேங்க்யூ.” அத்தோடு டொரண்டோ அமைதியாகிவிட்டது.

அட்வான்ஸ் வரும் என்ற நம்பிக்கையில் பட்டு ஏற்கெனவே சாயத்துக்குப் போயிருந்தது. கடுகு மஞ்சள் ஒரு பங்கு, அரக்கு ஒரு பங்கு. பத்து நாள் கழித்து, “அந்தக் கனடா அம்மா ஏன் பேசவே மாட்டேங்குறாங்க, பாரு” என்று போனை மகளிடம் நீட்டினாள்.

மகள் படித்தாள். மறுபடி படித்தாள்.

“அம்மா... இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா? ‘நீங்க அட்வான்ஸ் அனுப்பியிருந்தா நாங்க ஆரம்பிச்சிருப்போம்.’ அதாவது, நீங்க அனுப்பலை, நாங்க ஆரம்பிக்கலை, கதை முடிஞ்சுது. அவங்க மன்னிப்பு கேட்டுட்டுப் போயிட்டாங்க.”

தறிச் சத்தம் நின்றது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போனை வாங்கி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லாத வரி.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும், சாய நிறமும் நூல் எடையும் குறித்து வைக்கும் கணக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். “எனக்கு இந்த ‘இஃப்’ஐ ஒழுங்கா சொல்லிக் குடு” என்றாள்.

மகளும் பள்ளியில் ‘இஃப் கிளாஸ்’ என்று படித்தவள்தான். டைப் 1, டைப் 2, டைப் 3 என்று மனப்பாடம் செய்து, கோடிட்ட இடத்தை நிரப்பி, மார்க் வாங்கியவள். அம்மாவுக்குச் சொல்லித்தர உட்கார்ந்தபோதுதான், தனக்கும் அது சூத்திரமாகத்தான் தெரியும் என்பது புரிந்தது. அதனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வீட்டிலிருந்தே ஆரம்பித்தாள்.

“மழை பெஞ்சா என்ன ஆகும்?”

“தெருவுல பாவு போட முடியாது. குழியில தண்ணி ஊறும். தறி நிக்கும்.”

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் இதற்கு யோசிக்கவே வேண்டாம். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் போச்சு. தரைக்குக் கீழே இருக்கும் குழியில் ஈரம் ஏறி நெசவும் போச்சு. வருடா வருடம் நடப்பது.

“எப்பவும் இப்படித்தான்னா, ரெண்டு பக்கமும் நிகழ்காலம். ‘இஃப் வாட்டர் என்டர்ஸ் த பிட், த லூம் ஸ்டாப்ஸ்.’ இதுக்குப் பேரு ஜீரோ கண்டிஷனல். விதி மாதிரி. சந்தேகமே கிடையாது.”

அடுத்தது, நாளைக்கு நடக்கக்கூடிய ஒன்று. “நாளைக்கு மழை பெஞ்சா பாவு போட மாட்டோம். பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். ‘இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, வீ வில் நாட் ஸ்ட்ரெச் த வார்ப்.’ இஃப் பக்கம் நிகழ்காலம், இந்தப் பக்கம் வில். இது முதல் வகை. நீ கனடாவுக்கு எழுதியிருக்க வேண்டியது இதுதான். ‘இஃப் யூ சென்ட் தி அட்வான்ஸ், வீ வில் ஸ்டார்ட் த சாரி.’ ‘சென்ட்’ல கடைசியில ‘டி’ இல்லை, ‘என்டி’.”

“அனுப்புறது இனிமேதானே? அப்ப அந்தப் பக்கமும் வில் வரணும் இல்ல? ‘இஃப் யூ வில் சென்ட்’?”

நல்ல கேள்வி. தமிழ் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. எதிர்காலம் என்றால் இரண்டு பக்கமும் எதிர்காலமாக இருக்கவேண்டும் என்றுதான் மனது சொல்லும். ஆனால் ஆங்கிலத்தில் ‘இஃப்’ வந்தாலே இன்னும் நடக்கவில்லை என்பது சொல்லப்பட்டுவிடுகிறது. அந்தப் பக்கத்துக்கு ‘வில்’ தேவைப்படுவதில்லை. ‘தயவுசெய்து கொஞ்சம் காத்திருக்கச் சம்மதித்தால்’ என்று மரியாதையாகக் கேட்கும்போது மட்டும் ‘இஃப் யூ வில் வெயிட்’ என்பது வரும். வியாபாரத்தில் அது அபூர்வம்.

மகள் இதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மாவுக்குப் பிடிபடவில்லை. தறியிலிருந்தே கணவர் சொன்னார்: “கோர்வை மாதிரி பாரேன்.”

இருவரும் திரும்பினார்கள்.

“உடம்பு ஒரு கலர், பார்டர் ஒரு கலர். உடம்புக்கு ஒரு நாடா, பார்டருக்குத் தனி நாடா. ரெண்டும் பிடிச்சுக்கிற இடத்துல ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். ஆனா அதோட எல்லை அவ்வளவுதான். உடம்பு நூல் பார்டருக்குள்ள போகக் கூடாது. இந்த ‘வில்’லு உடம்பு நூல். அதை ஏன் பார்டருல விடுறே?”

எட்டாம் வகுப்பு தாண்டாத அந்த மனிதர், மகளின் இலக்கணப் புத்தகத்தை ஒருநாளும் திறந்ததில்லை. ஆனால் முப்பது வருடமாக நெய்வது கோர்வை. காஞ்சிப் பட்டின் பெருமையே அந்த இணைப்பில்தான் இருக்கிறது. உடலையும் பார்டரையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து, ஒவ்வொரு வரிசையிலும் பூட்டிக்கொண்டே போவார்கள். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். முந்தியை வேறு நிறத்தில் இணைக்கிற பேட்னி முறையில், பாவு நூலையே ஒவ்வொன்றாக முடிந்து சேர்ப்பார்கள். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். நடுவில் மாற்ற முடியாது.

ஆங்கில ‘இஃப்’ வாக்கியமும் இப்படித்தான் ஜோடி ஜோடியாக வருகிறது. நிகழ்காலத்தோடு நிகழ்காலம். நிகழ்காலத்தோடு வில். இறந்தகாலத்தோடு வுட். ஹேட் போட்ட வினையோடு வுட் ஹேவ். ‘இஃப்’ பகுதியில் வில்லும் வராது, வுட்டும் வராது. அவள் நோட்டில் நான்கு ஜோடியையும் நான்கு புடவை மாதிரி கட்டம் போட்டு எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் வகைக்கு வந்தபோது இன்னொரு முடிச்சு. “‘என்கிட்ட பத்து லட்சம் இருந்தா, நாலு தறி வைப்பேன்.’ இப்ப பத்து லட்சம் இருக்கா? இல்லை. வருமா? வாய்ப்பு கம்மி. அப்ப இங்கிலீஷ் இறந்தகாலத்துக்குப் போயிடும். ‘இஃப் ஐ ஹேட் டென் லேக்ஸ், ஐ வுட் பை ஃபோர் லூம்ஸ்.’”

“பணம் இல்லாததுக்கும் பழைய காலத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“காலம் இல்லம்மா, தூரம். நடக்குறதுலேருந்து ஒரு அடி தள்ளி நின்னு பேசுறதுக்கு அடையாளமா இறந்தகாலத்தைப் போடுறாங்க. அதனாலதான் ‘இஃப் ஐ வேர் யூ’ன்னு சொல்றது. நான் நீயா இருந்தா. ஆகவே முடியாது இல்லியா? அங்க ‘வாஸ்’ போடாம ‘வேர்’ போடுறதுதான் வழக்கம்.”

இந்த இடத்தில்தான் அவளுடைய பழைய தவறுக்கும் விளக்கம் கிடைத்தது. தமிழில் ‘அனுப்பினால்’ என்ற சொல்லைப் பிரித்தால், உள்ளேயிருந்து ‘அனுப்பின’ என்ற இறந்தகாலம் எட்டிப் பார்க்கிறது. ‘வந்தால்’ என்பதில் ‘வந்த’. ‘செய்தால்’ என்பதில் ‘செய்த’. இன்னும் நடக்காத காரியத்தைத்தான் சொல்கிறோம், ஆனால் சொல்லுக்குள் இறந்தகாலம் உட்கார்ந்திருக்கிறது. பழந்தமிழில் ‘வரின்’, ‘செயின்’ என்று இன்னொரு வடிவம் இருந்தது. அதில் இறந்தகாலத்தின் சாயல் இல்லை. பேச்சில் நிலைத்தது ‘வந்தால்’தான். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது, கை தானாக ‘இஃப் யூ கேம்’, ‘இஃப் யூ சென்ட்’ என்று இறந்தகாலத்தைப் பிடிக்கிறது. அட்வான்ஸை அப்படிக் கேட்டால், “நீங்கள் எங்கே அனுப்பப் போகிறீர்கள்?” என்ற சந்தேகம் கலந்துவிடும். அவள் இன்னும் ஒரு படி மேலே போய் ‘ஹேட்’ போட்டுக் கதவையே சாத்திவிட்டாள்.

திண்ணையிலிருந்து மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். “எனக்கு ஒண்ணு சொல்லுடி கண்ணு. ‘அடுத்த தடவை வரைக்கும் உசுரோட இருந்தா அத்திவரதரைப் பார்ப்பேன்.’ இதுக்கு எந்தப் பூட்டு?”

வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தடியிலிருந்து அத்திவரதர் 40 வருடத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருகிறார். 1979-ல் வந்தபோது மாமியாருக்கு 19 வயது, புதுப்பெண். மாமனாரோடு போய்ச் சேவித்தார். 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம். லட்சக்கணக்கில் ஜனம். முட்டிவலியோடு நெரிசலில் நிற்க முடியாது, கூட்டம் குறையட்டும் என்று ஒவ்வொரு வாரமாகத் தள்ளிப்போட்டார். கூட்டம் குறையவே இல்லை. நடந்தே போகக்கூடிய கோயில். பெருமாள் திரும்பக் குளத்துக்குப் போய்விட்டார். இனி 2059.

மகள் கணக்குப் போட்டாள். ஆயாவுக்கு அப்போது 99. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டாம் வகைதான் பொருத்தம்: ‘இஃப் ஐ லிவ்ட்... ஐ வுட் சீ ஹிம்.’ வாய்திறந்து சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“முதல் வகை, ஆயா. ‘இஃப் ஐ லிவ் டில் 2059, ஐ வில் சீ ஹிம்.’”

பொய்யில்லை, இலக்கணமும் தப்பில்லை. நடக்கும் என்று நம்புகிறவர் முதல் வகையில் பேசலாம். ஆங்கிலத்தில் ‘இஃப்’ போட்டுப் பேசுகிறவர், அந்தக் காரியம் நடக்கும் என்று நினைக்கிறாரா, நடக்காது என்று நினைக்கிறாரா என்பதை வினைச்சொல்லிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. தமிழில் ‘இருந்தா பார்ப்பேன்’ என்றால் போதும். எவ்வளவு நம்பிக்கை என்பதைக் குரல்தான் சொல்லும். தமிழில் குரலில் வைப்பதை, ஆங்கிலம் எழுத்தில் வைக்கிறது. முகம் தெரியாத ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதும்போது குரல் கூடப் போவதில்லை. அதனால்தான் அங்கே ஜோடி மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது.

மாமியார் விடவில்லை. “சரி, போன தடவை முதல் வாரமே போயிருந்தா பார்த்திருப்பேன். அது?”

“அது மூணாவது. ‘இஃப் ஐ ஹேட் கான் இன் த ஃபர்ஸ்ட் வீக், ஐ வுட் ஹேவ் சீன் ஹிம்.’ போகலை, பார்க்கலை.”

“அதுக்கு மட்டும் பூட்டு ரொம்ப கனமா இருக்கே” என்றார் மாமியார்.

மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. தினம் நான்கு வாக்கியம், வகைக்கு ஒன்று. புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. அன்று வீட்டில் நடந்ததிலிருந்துதான். பால் பொங்கியது, கரண்ட் போனது, ஜரிகை விலை ஏறியது, எதுவானாலும் சரி. ஒரே விஷயத்தை நான்கு வகையிலும் எழுதிப் பார்ப்பது இன்னும் நல்லது என்று மகள் கண்டுபிடித்தாள். நூல் அறுந்தால் முடிகிறோம். அறுந்தால் முடிவேன். அறுந்தால் முடிவேன், ஆனால் இந்த நூல் அறுகிற நூல் இல்லை. அறுந்திருந்தால் முடிந்திருப்பேன். எழுதியதும் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இது எப்போதும் நடப்பதா, நடக்கலாமா, நடப்பது சந்தேகமா, நடக்காமலே போய்விட்டதா? பதில் தெரிந்தால் ஜோடி தானாக வந்துவிடும்.

சின்னச் சின்ன விஷயங்களும் சேர்ந்துகொண்டன. ‘இஃப்’ பகுதி முதலில் வந்தால் நடுவில் ஒரு கமா. பின்னால் வந்தால் வேண்டாம். ‘அன்லெஸ்’ என்பதிலேயே ‘இல்லாவிட்டால்’ இருப்பதால், அதோடு இன்னொரு ‘நாட்’ சேர்க்கக் கூடாது. ‘அன்லெஸ் யூ டோன்ட் பே’ என்று எழுதினால் பணம் கட்டியவருக்குத்தான் புடவை போகாது. வில்லுக்குப் பதில் ‘கேன்’, ‘மே’ போடலாம்: ‘இஃப் யூ பே டுடே, வீ கேன் சென்ட் இட் ஆன் ஃப்ரைடே.’ அப்புறம் அந்த ‘ஐட்’. ஐ-க்குப் பிறகு மேலே ஒரு குறியும் ‘டி’யும். அது ஹேட் ஆகவும் இருக்கலாம், வுட் ஆகவும் இருக்கலாம். ‘இஃப்’ பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் ஹேட். எதிர்ப் பக்கத்தில் வந்தால் வுட்.

மூன்றாம் வகைக்கு உதாரணம் கிடைக்காத ஒரு நாள், மகள் அண்ணாவைப் பற்றிச் சொன்னாள். காஞ்சிபுரத்தில் 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக் கஷ்டத்தில் படிப்பை நிறுத்திவிட்டு, இதே ஊர் நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலை பார்த்தவர். பிறகு திரும்பப் படிக்கப் போனார். சென்னை பச்சையப்பன் கல்லூரி, பொருளாதாரத்தில் பட்டம், 1967-ல் முதலமைச்சர். ‘பிகாஸ்’ என்ற சொல் தொடர்ந்து மூன்று முறை வருகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னபோது, அவர் உடனே சொன்னார் என்று ஒரு கதை தமிழ்நாடு முழுக்க உலவுகிறது. காஞ்சிபுரத்தில் அதைத் தெரியாத பள்ளிப் பிள்ளை இருக்க முடியாது.

“‘இஃப் அண்ணா ஹேட் ஸ்டேய்ட் இன் த முனிசிபாலிட்டி, ஹீ வுட் நாட் ஹேவ் பிகம் சீஃப் மினிஸ்டர்.’ இதை எழுதிக்கோ.”

எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவை எடுக்கவில்லை. அடுத்த வரியிலேயே, கேட்காமலே, இன்னொன்று எழுதினாள்.

“இஃப் ஐ ஹேட் ஸ்டேய்ட் இன் ஸ்கூல், ஐ வுட் ஹேவ் பிகம் எ டீச்சர்.”

1997. எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கோடை விடுமுறை. அவள் அப்பாவுக்குக் கோர்வைக்குக் கை கொடுக்க இருந்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். “லீவு விடுற வரைக்கும் உக்காரு கண்ணு” என்றார் அப்பா. ஜூனில் பள்ளி திறந்தது. பாவில் இன்னும் ஒரு புடவை பாக்கி இருந்தது. அது முடிந்ததும் அடுத்த பாவு ஏறியது. யாரும் அவளைப் பள்ளிக்கூடம் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான் படிப்பு நின்றது.

மகள் அந்த வரியைப் படித்தாள். திருத்த ஒன்றும் இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல், இலக்கணத்தைச் சொன்னாள்.

“அம்மா, அன்னைக்கு நடக்காததோட பலன் இன்னைக்கு வரைக்கும் இருக்குன்னா, ரெண்டு வகையையும் கலக்கலாம். இஃப் பக்கம் மூணாவது, இந்தப் பக்கம் ரெண்டாவது. ‘இஃப் ஐ ஹேட் ஸ்டேய்ட் இன் ஸ்கூல், ஐ வுட் பி எ டீச்சர் நவ்.’ அன்னைக்குப் படிச்சிருந்தா, இப்ப டீச்சரா இருப்பேன்.”

“கலர் மாத்திப் பூட்டுறதா?”

“ஆமா.”

“இது நல்லாருக்கு” என்றாள். “முன்னாடி எழுதினதுல எல்லாம் முடிஞ்சுபோன மாதிரி இருக்கு. இதுல நான் இன்னும் உக்கார்ந்திருக்கேன்.”

கணவர் அன்று கொஞ்சம் சீக்கிரமே தறியை விட்டு எழுந்தார். மகள் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ ஏதாவது கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடட்டும், தறியில் உட்காரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கை கழுவிக்கொண்டே சொன்னார்: “அவளை எம்.காம். வரைக்கும் படிக்கச் சொல்லு.” ‘இஃப்’ இல்லாத வாக்கியம்.

கார்த்திகை முதல் வாரத்தில், மகள் கல்லூரிக்குப் போயிருந்த நேரம், அவள் டொரண்டோவுக்கு எழுதினாள். முதலில் நோட்டில் எழுதிப் பார்த்து, ஒவ்வொரு ஜோடியாகச் சரிபார்த்து, பிறகு போனில். மகளுக்குக்கூட அனுப்பிக் காட்டவில்லை. அதன் சாரம் இதுதான்: முன்பு எழுதியதில் என் ஆங்கிலம் தப்பு. நாங்கள் ஆர்டரை மறுக்கவில்லை. இன்னமும் அந்தப் புடவை வேண்டுமென்றால், தைக்குள் முடித்துவிடுவோம். ஏற்கெனவே வாங்கியிருந்தால், பரவாயில்லை. உங்கள் மகள் நன்றாக இருக்கட்டும்.

இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அவர்கள் ஐப்பசியிலேயே சென்னையில் உறவினர் மூலமாக வேறு புடவை எடுத்துவிட்டார்களாம். இவர்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டது, தாமதித்ததில் கோபம் என்று நினைத்தார்களாம். கடைசியில் ஒரு வரி.

“இஃப் ஐட் அண்டர்ஸ்டுட், ஐட் ஹேவ் வெயிட்டட்.”

அவள் மகளை எழுப்பவில்லை. இரண்டு ‘ஐட்’. இஃப் பக்கத்தில் இருப்பது ஹேட். எதிர்ப்பக்கத்தில் இருப்பது வுட். புரிந்திருந்தால், காத்திருந்திருப்பேன். புரியவில்லை, காத்திருக்கவில்லை. மூன்றாம் வகை. மாமியார் சொன்ன கனமான பூட்டு.

ஆர்டர் போனது போனதுதான். சாயம் ஏறிய பட்டைத் திருப்பித் தர முடியாது. கடுகு மஞ்சளும் அரக்குமாக அந்தப் புடவையைத் தைக்குள் எப்படியும் நெய்து முடித்தார்கள். மாசி மாதம் திருவண்ணாமலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது, பேசியதைவிட இரண்டாயிரம் குறைவாக.

நோட்டின் பின்பக்கம் இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கிறது. இப்போது மாமியாரும் தினம் ஒரு வாக்கியம் சொல்கிறார், தமிழில். மருமகள் அதை ஆங்கிலத்தில் பூட்டுகிறாள். மகள் கல்லூரியிலிருந்து வந்து திருத்துகிறாள். சில நாள் திருத்த எதுவும் இருப்பதில்லை.

பங்குனியில் சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: “வைகாசிக் கல்யாணத்துக்குக் கோர்வைப் புடவை கிடைக்குமா? எப்போது ஆரம்பிப்பீர்கள்?”

மணி பதினொன்று. மகள் வீட்டில் இல்லை. அவள் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தாள்.

“இஃப் யூ சென்ட் தி அட்வான்ஸ் டுடே, வீ வில் ஸ்டார்ட் டுமாரோ.”

அனுப்புவதற்கு முன் ‘சென்ட்’டின் கடைசி எழுத்துகளை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அனுப்பிவிட்டுத் தறிக்குத் திரும்பினாள்.